அவிநாசி ரோட்டில் போகும் டீச்சர்கள்

கொங்கு நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னால் முதலில் சாஃப்ட்வேர்காரர்கள் வருவார்கள். அடுத்து நர்ஸ்கள். பிறகு வெல்டர், எலக்ட்ரீஷியன், டிரைவர். திருப்பூர் பக்கத்து ஆட்களைக் கேட்டால் பனியன் கம்பெனியில் தொழில் கற்றுக்கொண்டு பங்களாதேஷ், எத்தியோப்பியா என்று போன மாஸ்டர்களையும் சேர்த்துச் சொல்வார்கள். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதில் வராத ஒரு ஆள் உண்டு. சிறப்பாசிரியர். ஸ்பெஷல் எஜுகேட்டர் என்றால் சிலருக்குப் புரியும்.

அவர்களும் போகிறார்கள். துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், மாலத்தீவு, அமெரிக்கா என்று போகிறார்கள். சத்தமில்லாமல் போவதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு என்ஜினியர் போனால் கம்பெனி அடுத்த வாரமே இன்னொருவரை எடுத்துக்கொள்ளும். ஒரு சிறப்பாசிரியர் போனால் என்ன ஆகிறது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் சிறப்பாசிரியர் யார் என்று பார்த்துவிடலாம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், பார்வைக் குறைபாடு, காது கேளாமை, கற்றல் குறைபாடு... இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கற்றுத் தருவதற்கென்றே தனியாகப் படித்தவர்கள். சாதாரண பி.எட். போதாது. சிறப்புக் கல்வியில் பி.எட். அல்லது டிப்ளமோ முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 1992-ல் வந்த சட்டப்படி அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி இவர்களுக்கு ஆர்.சி.ஐ.

இந்தப் படிப்புக்குக் கோவை வட்டாரம் ரொம்ப நாளாகவே பெயர் பெற்றது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்விப் புலம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் அவிநாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் சிறப்புக் கல்விக்குத் தனித்துறை உண்டு. இரண்டு இடங்களுக்கும் விதை போட்டவர் ஒரே ஆள் தான். தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் 1903-ல் பிறந்தவர். வித்யாலயத்தை 1930-ல் ஆரம்பித்தார். 1946-லிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். அவர் பெயரில் இருப்பது அவிநாசிக் கோயில் சாமியின் பெயர்.

ஆக, அவிநாசியில் இருக்கும் ஒரு பெண் சிறப்புக் கல்வி படிக்க வேண்டுமென்றால் பஸ்ஸிலேயே போய் வந்து படித்துவிடலாம். படித்து முடித்த பிறகு வேலைக்குத் தான் தூரமாகப் போக வேண்டியிருக்கிறது. கோவை விமான நிலையம் இருப்பதும் அவிநாசி ரோட்டிலேயே தான். ஊரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேராக விமானம் உண்டு. 2024-லிருந்து அபுதாபிக்கும் இருக்கிறது.

இங்கே என்ன வேலை?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் பெரும்பாலும் வட்டார வள மையத்தின் கீழ் வருகிறார்கள். முன்பு சர்வ சிக்ஷா அபியான் (எஸ்.எஸ்.ஏ.), 2018-லிருந்து சமக்ர சிக்ஷா. திட்டத்தின் பெயர் மாறியது, வேலையின் தன்மை மாறவில்லை. தொகுப்பூதியம் தான். நிரந்தரம் செய்யச் சொல்லி எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள்.

ஒரு சிறப்பாசிரியரின் வாரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நாள் ஒரு பள்ளி, அடுத்த நாள் வேறு பள்ளி. சில நாட்கள் வள மையத்தில் இருக்கும் பகல் நேர மையம். சில நாட்கள் பள்ளிக்கே வர முடியாத குழந்தையின் வீடு. அவிநாசி வட்டாரத்தில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். மெயின் ரோட்டில் நிமிடத்துக்கு ஒரு பஸ், உள்ளே திரும்பினால் மணிக்கு ஒரு பஸ். ஸ்கூட்டி இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது. இது போக மருத்துவ முகாம், அடையாள அட்டை, உதவி உபகரணம், ரிஜிஸ்டர்கள், போட்டோ எடுத்து அனுப்புவது, மீட்டிங்.

2024-25-ல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் வந்த தகராறு. தமிழக அரசு சொன்ன தொகை 2,152 கோடி ரூபாய். டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. ஆனால் ஒரு திட்டத்தை நம்பி இருக்கும் சம்பளம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

தனியார் சிறப்புப் பள்ளிகளும் இருக்கின்றன. நல்ல பள்ளிகள் உண்டு. ஆனால் நன்கொடையிலும் மானியத்திலும் ஓடும் பள்ளிகள் கொடுக்கும் சம்பளத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கிடைப்பதை விடக் குறைவாக, பி.எட். முடித்த சிறப்பாசிரியர் வாங்குகிறார் என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர் வீட்டில் கல்விக் கடன் இருக்கும். அப்பாவுக்கு நாலு விசைத்தறி இருந்தால் அதற்கும் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட போது திருப்பூர் ஆர்டர்களே ஆட்டம் கண்டன. இந்த நிலையில் துபாயிலிருந்து ஒரு ஆஃபர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அங்கே ஏன் கூப்பிடுகிறார்கள்?

பணக்கார நாடுகளில் இந்த ஆசிரியர்களுக்கு ஏன் தட்டுப்பாடு? அவர்களிடம் காலேஜ் இல்லையா, ஆள் இல்லையா? இருக்கிறது. கதையே வேறு.

அமெரிக்காவில் 1975-ல் ஒரு சட்டம் வந்தது. எந்தக் குறைபாடு இருந்தாலும் எந்தக் குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இலவசமாக, அந்தக் குழந்தைக்குப் பொருத்தமான கல்வி தர வேண்டும். அதற்கு முன் அங்கே குறைபாடுள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்குத் தான் பள்ளியில் இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சட்டத்துக்கு 1990-ல் பெயர் மாறியது, இப்போது ஐ.டி.இ.ஏ. என்கிறார்கள். இதன் கீழ் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் (ஐ.இ.பி.) எழுத வேண்டும். அதில் எழுதியதைப் பள்ளி செய்யவில்லை என்றால் பெற்றோர் வழக்குப் போடலாம், போடுகிறார்கள். 2022-23 கல்வியாண்டில் இந்தச் சட்டத்தில் சேவை பெற்ற மாணவர்கள் சுமார் 75 லட்சம். அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்.

இத்தனை பேருக்கும் டீச்சர் வேண்டும். ஆனால் காகித வேலை, வழக்குப் பயம், சோர்வு எல்லாம் சேர்ந்து அமெரிக்க டீச்சர்களே இந்தப் பிரிவை விட்டு ஓடுகிறார்கள். இடம் காலியாக இருந்தால் சட்டம் சும்மா விடாது. அதனால் பள்ளி மாவட்டங்கள் வெளிநாட்டில் ஆள் தேடுகின்றன. பிலிப்பைன்ஸிலிருந்து நிறையப் பேர். இந்தியாவிலிருந்தும் போகிறார்கள்.

எமிரேட்ஸில் 2006-ல் கூட்டாட்சிச் சட்டம், துபாயில் 2014-ல் தனிச் சட்டம், 2017-ல் பள்ளிகளுக்கான உள்ளடக்கிய கல்விக் கொள்கை. தனியார் பள்ளி ஒரு குழந்தையைக் குறைபாட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் சிறப்பாசிரியரும், குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து உதவும் ஷேடோ டீச்சரும் வேண்டும். சிங்கப்பூரில் 2019-லிருந்து கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கும் பொருந்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டம் என்று பார்த்தால் இந்தியா ஒன்றும் குறைச்சல் இல்லை. 1995-ல் ஒரு சட்டம், 2009-ல் கல்வி உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். படித்துப் பார்த்தால் அழகாகவே இருக்கும். அங்கே சட்டம் வந்ததும் பணியிடம் வந்தது, பணியிடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இங்கே சட்டமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், பணியிடம் மட்டும் இல்லை. காலி நாற்காலியும் உட்கார இடமில்லாத ஆளும் வேறு வேறு நாட்டில் இருந்தால் நடுவில் ஒரு ஏஜெண்ட் முளைப்பது இயற்கை தானே.

எல்லோராலும் போக முடியுமா?

முடியாது. இது பலருக்கும் தெரியாத விஷயம். சிறப்புக் கல்வியில் எந்தப் பிரிவு எடுத்தோம் என்பதே பாதி விதியைத் தீர்மானித்துவிடுகிறது.

காது கேளாதோருக்கான ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கற்றது இந்திய சைகை மொழி. அமெரிக்க சைகை மொழி முற்றிலும் வேறு. சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அது தப்பு. அமெரிக்கா போனால் அவர் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பார்வையற்றோர் ஆசிரியருக்கும் கொஞ்சம் இதே கதி. தமிழுக்கான பிரெய்ல் 1951-ல் வந்த பாரதி பிரெய்லைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 2016 முதல் ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல். ஆறு புள்ளி தான் பொது.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு படித்தவர்களுக்கு இந்தத் தடை குறைவு. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்துச் சொல்லித் தருவது, படம் காட்டி நாளின் ஒழுங்கை விளக்குவது, அடம் எதனால் வருகிறது என்று குறித்து வைத்துக் கண்டுபிடிப்பது... இவை எந்த ஊரிலும் செல்லும். ஆக விமானம் ஏறுகிறவர்களில் இவர்களே அதிகம். இங்கே ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஆள் பற்றாக்குறை இருக்கும் போது, வெளியே போக எளிதான பிரிவும் அதுவாகவே இருப்பது கொடுமை.

அப்படிப் போனாலும் பாதித் திறமையை ஊரிலேயே விட்டுவிட்டுத் தான் போகிறார்கள். பேச்சு வராத குழந்தையிடம் 'ம்மா', 'தண்ணி', 'மம்மு' என்று ஆரம்பிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு அரபுக் குழந்தையோ டெக்சாஸ் குழந்தையோ முதலில் எந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியாது. எந்தப் பாட்டுக்குக் கை தட்டும், எந்தத் தின்பண்டத்துக்கு எழுந்து வரும், பாட்டியிடம் எப்படிப் பேசினால் வீட்டில் பயிற்சி தொடரும் என்பதெல்லாம் சர்டிபிகேட்டில் இல்லாத படிப்பு. கஸ்டம்ஸில் அதைத் தனியாக யாரும் பிடுங்குவதில்லை, தானாகவே இங்கே தங்கிவிடுகிறது.

அமெரிக்காவுக்குப் போகும் பொதுவான வழி ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசா. குறைந்தது இரண்டு வருடம் ஆசிரியர் அனுபவம் வேண்டும். மூன்று வருடம் இருக்கலாம், நீட்டிப்புக் கிடைத்தால் ஐந்து. அதற்குப் பிறகு திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எச்-1பி வழியும் இருந்தது. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கான எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு பள்ளிக்கூடம் ஒரு டீச்சருக்காக அவ்வளவு பணம் கட்டுமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்து 2023 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாட்டு ஆசிரியர்களுக்குப் புதுக் கதவு திறந்தது. உடனே சந்தோஷப்பட்டவர்கள் விதிமுறையைப் படித்ததும் அமைதியானார்கள். கணக்கு, அறிவியல், மொழிகள் நடத்துபவர்களுக்கு மட்டும். கல்ஃபுக்கு டிகிரி சர்டிபிகேட்டை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று மூன்று இடத்தில் அட்டெஸ்ட் செய்ய வேண்டும். டிப்ளமோ மட்டும் படித்தவர்களுக்கு பெரும்பாலும் ஷேடோ டீச்சர் வேலை. இங்கே ஒரு வட்டாரத்தையே பார்த்துக்கொண்டவர் அங்கே ஒரே ஒரு குழந்தையின் பென்சில் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். சம்பளம் மட்டும் பல மடங்கு.

ஏஜெண்ட் விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் பட்ட பாடு ஒரு பாடம். 2007-லிருந்து லூசியானா மாநிலத்துக்கு அழைத்துப் போகப்பட்ட சுமார் 350 பேரிடம் ஒரு ஆள்பிடி நிறுவனம் கண்டபடி கட்டணம் வாங்கியது. வழக்கு நடந்து 2012 டிசம்பரில் ஜூரி 45 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் விசா செலவை டீச்சர்கள் தலையில் கட்டியதற்காக 1,044 பேருக்கு 42 லட்சம் டாலர் திருப்பித் தரச் சொல்லி 2011-ல் முடிவானது. அவர்களுக்காவது நீதி கிடைத்தது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தான். பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. லட்சக்கணக்கில் பணம் கேட்கிறவரிடம் போவதற்கு முன் இதையெல்லாம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

போன பிறகு இங்கே

அவிநாசிக்கு ஒரு கதை உண்டு. சுந்தரர் இந்த ஊர் வழியாகப் போகிறார். அப்போது இதற்குத் திருப்புக்கொளியூர் என்று பெயர். எதிரெதிரே இரண்டு வீடு. ஒரு வீட்டில் மங்கல வாத்தியம், பையனுக்குப் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தால், இரண்டு பையன்களும் ஒரே வயது. சேர்ந்து குளத்தில் குளித்தவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவனோடு விளையாடியவனுக்கு விசேஷம் நடக்கும் போது அந்தத் தாயால் தாங்க முடியவில்லை. சுந்தரர் பாடினார், முதலை பிள்ளையைக் கொண்டு வந்து கரையில் விட்டது, அதுவும் இத்தனை வருட வளர்ச்சியோடு. இது பெரிய புராணத்தில் வரும் கதை. 'முதலை வாய்ப் பிள்ளை' என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

கடவுள் நம்பிக்கை இருப்பவர்கள் அதை அற்புதமாகப் படிக்கலாம். இல்லாதவர்களும் அந்த இரண்டு வீட்டை மட்டும் பார்க்கலாம். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையைப் பெற்ற தாய், ஒவ்வொரு ஜூன் மாதமும் எதிர் வீட்டுப் பையன் அடுத்த வகுப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கேட்பது விழுங்கப்பட்ட வருடங்களைத் தான். அந்த வருடங்களில் கொஞ்சத்தையாவது மீட்டுத் தருகிற ஆள் யாரென்றால், ஸ்கூட்டியில் வரும் அந்த டீச்சர்.

மீட்பது என்றால் பெரிய சாகசம் கிடையாது. பையன் தானாகப் பாத்ரூம் போகப் பழகுவது. சட்டையில் மேல் பட்டனைப் போடுவது. 'வேண்டாம்' என்பதைக் கடிக்காமல், தலையை ஆட்டிச் சொல்வது. இதில் ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன் அந்தக் குழந்தை டீச்சரின் குரலுக்கும் வாசனைக்கும் பழகவே பல வாரம் ஆகும். மாற்றத்தைத் தாங்க முடியாதது தான் பல ஆட்டிசக் குழந்தைகளின் பிரச்சினையே. நாற்காலியின் இடம் மாறினாலே அழும் குழந்தைக்கு, ஒரு திங்கட்கிழமை டீச்சரே மாறிவிடுகிறார். அந்தக் குழந்தையிடம் யாரும் விளக்கம் சொல்வதில்லை. கற்றுக்கொண்டதில் பாதியை அது விட்டுவிடுகிறது. மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பிக்கிறது. "ஏனுங் டீச்சர், நீங்களும் போறீங்களாமா?" என்று ஒரு அம்மா கேட்டால் அந்த 'உம்'மில் முன்பு போனவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். இந்த எண்ணிக்கைக்கு முன்னால் நாலு டீச்சர் போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு டீச்சர் தான். அந்த ஒருவர் போனால் அந்த வீட்டுக் கணக்கில் நூற்றுக்கு நூறு.

யாரைத் திட்டுவது?

போகிறவர்களைத் திட்டுவது ரொம்ப சுலபம். 'சேவை மனப்பான்மை வேண்டாமா?' என்று கேட்டுவிடலாம். இந்தக் கேள்வியை யாரும் ஐ.டி. கம்பெனி ஆட்களிடம் கேட்பதில்லை. சிறப்பாசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெண் செய்தால் சேவை, ஆண் செய்தால் தொழில் என்ற கணக்கு. சேவை என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

காலேஜில் படித்தவர்கள் இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அரசாங்கம் மருத்துவர்களுக்குச் செய்கிறது என்று உதாரணமும் காட்டுவார்கள். ஆனால் அந்த டாக்டருக்குக் கொடுக்க அரசிடம் ஒரு பணியிடமாவது இருக்கிறது. நாற்காலி கொடுக்காமல் காலைக் கட்டிப் போடுவதில் நியாயம் இல்லை.

காமன்வெல்த் நாடுகள் இதைப் பற்றி 2004-லேயே யோசித்தன. ஜமைக்கா மாதிரிச் சின்ன நாடுகளின் டீச்சர்களை இங்கிலாந்து கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டு போனதால் வந்த சிக்கல். அந்த வருடம் செப்டம்பரில் காமன்வெல்த் ஆசிரியர் பணியமர்த்தல் நெறிமுறை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். டீச்சருக்குப் போக உரிமை உண்டு, அதே சமயம் அனுப்பும் நாட்டின் கல்வி குலையக் கூடாது என்பது அதன் சாரம். அதில் ஒரு நல்ல விஷயம், கல்வியாண்டின் நடுவில் ஆளை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. கட்டாயச் சட்டம் கிடையாது. அமெரிக்காவும் எமிரேட்ஸும் காமன்வெல்த்தில் இல்லை. இருந்தாலும் அந்த யோசனை சரியானது. ஏப்ரலில் போவதற்கும் அக்டோபரில் போவதற்கும் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உண்மையான மருந்து உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2021 அக்டோபர் 28-ல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் நீதிமன்றம் சொன்னது: தொடக்க வகுப்பில் பத்துச் சிறப்புக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர், அதற்கான நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள். மாநிலங்கள் மெதுவாக நகர்ந்தன. 2025 மார்ச்சில் மறுபடியும் கண்டித்து, பணியிட எண்ணிக்கையை அறிவிக்கச் சொன்னது. பல வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் சொன்னது. பத்துக்கு ஒருவர் என்ற கணக்கு நிஜமாகவே நடைமுறைக்கு வந்தால் வெளிநாடு போவது நிற்காது. ஆனால் வேறு வழியில்லாமல் போவது குறையும். விருப்பப்பட்டுப் போகிறவர் போகட்டும், திரும்பி வந்தால் உட்கார ஒரு இடம் இருக்கும்.

திரும்பி வருகிறவர்கள் கொண்டு வருவதும் கொஞ்சமில்லை. ஐ.இ.பி. மீட்டிங்கில் பெற்றோரும் சமமாக உட்கார்ந்து பேசுவது, பேசாத குழந்தைக்கு டேப்லெட்டில் படம் தொட்டுப் பேசக் கற்றுத் தருவது, வகுப்பு டீச்சரும் சிறப்பாசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்துவது எல்லாம் அங்கே தினசரி வழக்கம். அவிநாசிப் பள்ளியில் அதைச் செய்து காட்ட ஒருவர் வந்தால் அது லாபம். ஆனால் அவர் திரும்பி வரும் போது மறுபடியும் தொகுப்பூதியத்தில் கடைசி ஆளாகத் தான் சேர வேண்டும் என்றால் ஏன் வருவார்? அங்கே பார்த்த வருடங்கள் இங்கே சர்வீஸில் சேராது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய ஆர்.சி.ஐ. பதிவைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அதுவும் தலைவலி.

படிக்க நினைப்பவர்களுக்கு

அடுத்த வருடம் எந்த கோர்ஸ் சேரலாம் என்று யோசிக்கிறவர்களில் சிலராவது சிறப்புக் கல்வியைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிக்கும் போது காலேஜ் விளம்பரத்தில் 'வெளிநாட்டு வேலைவாய்ப்பு' என்ற வரியும் கண்ணில் படும். அந்த வரி பொய் இல்லை. அதற்காக மட்டுமே சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் எதிரே இருக்கும் குழந்தை வெறும் அனுபவ சர்டிபிகேட்டாகத் தெரியும் ஆபத்து உண்டு. குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், பேச வராவிட்டாலும்.

போவது என்று முடிவாகிவிட்டால், அதைச் சரியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. பரீட்சை முடிந்து லீவ் விட்ட பிறகு கிளம்புவது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே புது டீச்சரை, அவர் கிடைக்காவிட்டால் வகுப்பு டீச்சரையோ அம்மாவையோ, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. ஒவ்வொரு குழந்தைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. ஆபீஸ் ஃபைலில் இருக்கும் 'முன்னேற்றம் திருப்திகரம்' எல்லாம் அதில் வேண்டாம். 'மிக்ஸி சத்தம் ஆகாது. பச்சைக் கிண்ணத்தில் கொடுத்தால் தான் சாப்பிடுவான். பசித்தால் காதைப் பிடித்துக்கொள்வான். கோபம் வந்தால் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், ஐந்து நிமிடத்தில் அவனே வருவான்.' இந்த நாலு வரியைக் கண்டுபிடிக்க ஒரு டீச்சருக்கு ஒரு வருடம் ஆகியிருக்கும். எழுதி வைக்க அரை மணி நேரம் போதும். அடுத்து வருகிறவருக்கு அந்த ஒரு வருடம் மிச்சம்.

வட்டார வள மையங்களும் பள்ளிகளும் அந்த நோட்டைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணை வேண்டாம், டெல்லிக்கும் சென்னைக்கும் சமாதானம் வர வேண்டியதில்லை. பணியிடம் வருகிற வரை இதையாவது ஆரம்பிக்கலாம்.